மாட்டுக்குக் குறி சுடுதல்

மாட்டுக்குக் குறி சுடுதல் என்பது காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் அழியாத அடையாளம் இடும் வழக்கம். பேச்சில் சூடு போடுதல், சூடு வைத்தல் என்பர். மாடு யாருடையது என்று காட்டவும், நேர்ந்துவிட்ட காளையை அடையாளப்படுத்தவும், நாட்டு வைத்தியமாகவும் இது செய்யப்பட்டது. அமெரிக்க மேய்ச்சல் பண்ணைகளில் குறி சுடுதலுடன் சேர்ந்தே பேசப்படும் குதிரை, தமிழ் மேய்ப்பரிடம் இல்லை.

சூடும் தழும்பும்

இரும்பு மயிர்க்கால்கள் வரை சுட்டால் அந்த இடத்தில் மீண்டும் மயிர் முளைக்காது. அந்த வழுக்கைத் தழும்பே குறி. மேலோட்டமாகச் சுட்டால் நாளடைவில் மயிர் மூடிவிடும். ஆழமாகப் போனால் புண் சீழ்பிடிக்கும். கன்றில் இட்ட குறி மாடு வளர வளரத் தானும் விரியும். எனவே எழுத்துகளை நெருக்கமில்லாமல் இடுவார்கள்.

பழைய சான்றுகள்

அர்த்தசாஸ்திரம் பசுக்களைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், ஒவ்வொரு மாட்டின் சூட்டுக்குறி, இயற்கையான அடையாளம், நிறம், கொம்பின் அமைப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்கிறது. மகாபாரதத்தின் வனபருவத்தில் துரியோதனன் துவைதவனத்துக்குப் போகச் சொல்லும் காரணம், மந்தையை எண்ணிக் கன்றுகளுக்குக் குறியிடுவது. அது சாக்குதான். ஆனால் எவரும் சந்தேகப்படாத சாக்கு என்பதால், அரசர்கள் அதை வழக்கமாகச் செய்திருக்க வேண்டும்.

தமிழில் நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. செங்கம் வட்டார நடுகற்களில் பல, மாடுகளைக் கவர்ந்த அல்லது மீட்ட பூசலில் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. மாடு செல்வமாக இருந்த நாட்டில், அது யாருடையது என்ற கேள்வி உயிரை வாங்கும் கேள்வி.

எங்கே குறி தேவைப்பட்டது

எல்லா ஊரிலும் தேவைப்படவில்லை. கோட்டாற்றைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாடு நெல்வயல் நாடு. நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்று பொருள். ஏருக்கும் வண்டிக்கும் பூட்டும் மாடு இரவில் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும். தெருவே அதை அறியும். இத்தகைய ஊர்களில் உழவு மாட்டின் மேல் காணும் தழும்பு, பெரும்பாலும் வைத்தியச் சூடாகவே இருக்கும்.

கிடை மாடுகளின் நிலை வேறு. மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் புலிக்குளம் மாடுகளை மந்தையாக ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த வயலில் இரவு அடைப்பார்கள். சாணமும் மூத்திரமும் வயலுக்கு உரம். பலருடைய மாடுகள் ஒரே கிடையில் கலக்கும்போது, காது வெட்டும் சூடும் கணக்கைக் காக்கின்றன.

குறி சுடுதல் முழு வடிவில் இருந்தது மட்டக்களப்பில். வயல் விதைத்ததும் மாடுகள் மாதவணை, மயிலத்தமடு போன்ற தொலைவான மேய்ச்சல் தரைகளுக்குப் போகும். மாட்டில் சமூகத்தின் சின்னமான குலவிருதும், உடையவரின் பெயரெழுத்தும் இடப்பட்டன. இலங்கையின் 1958ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் குறியிடுதலையும், மாட்டின் உரிமைச் சீட்டையும் ஒழுங்குபடுத்தியது. பழைய குறியை அழிக்க வழியில்லை என்பதால், கைமாறிய மாடு இன்னொரு சூட்டையும் தாங்க வேண்டியிருந்தது.

கோயில் காளைக்கான சூடு வேறு வகை. இறந்தவர் பொருட்டுக் காளையை விடும் விருஷோத்சர்க்கச் சடங்கில் ஒரு பக்கம் சூலமும் மறுபக்கம் சக்கரமும் இடுவர். இக்காளை யாருக்கும் சொந்தமில்லை என்பதே அக்குறியின் பொருள்.

குதிரை இல்லாத மேய்ச்சல்

மெக்சிகோவுக்கு மாடு, குதிரை, சூட்டுக்கோல் மூன்றையும் கொண்டுசென்றவர்கள் ஸ்பானியர்கள். வேலியற்ற புல்வெளியில் பாதிக் காட்டுவிலங்காகத் திரிந்த மாட்டை நடந்துபோய்ப் பிடிக்க முடியாது. குதிரைமேல் இருப்பவர் சுருக்குக் கயிற்றை வீசுவார். அவர் இறங்கி மாட்டைக் கட்டும்வரை, பழகிய குதிரை தானாகவே கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்கும். குறி சுடுதலில் பாதி வேலை குதிரையுடையது.

தமிழ் மேய்ப்பர் நாள் முழுவதும் மாட்டுடன் நடப்பவர். மாடு அவர் குரலுக்குத் திரும்பும். காலில் கயிறு போட்டுச் சாய்க்க நாலு பேர் போதும். மேலும் குதிரை இங்கே விலையுயர்ந்த இறக்குமதி. பாண்டியர்களுக்காகக் கடல்வழி வந்த குதிரைகள் சரியான பராமரிப்பின்றி ஏராளமாக மடிந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை படைக்கும், பிற்காலத்தில் ஜட்கா வண்டிக்கும் போயிற்று, மந்தைக்கு வரவில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் மாடும் குதிரையும் அருகருகே விற்கப்படுகின்றன. ஆனால் அந்தக் குதிரையை மாடு மேய்க்க யாரும் வாங்குவதில்லை.

இன்றைய நிலை

நொண்டல், வீக்கம், கழலை ஆகியவற்றுக்குச் சூடு வைப்பது நோயைத் தீர்ப்பதில்லை. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கிறது. ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு’ என்ற பழமொழி மாட்டுக்கு நன்மை செய்யவில்லை. தோல் பதனிடுவோருக்கும் இழப்பு உண்டு. விலா, தொடைத் தழும்புகள் தோலின் நல்ல பகுதியையே கெடுக்கின்றன.

1960ஆம் ஆண்டின் இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விதிக்கப்பட்ட முறைப்படி செய்யும் குறியிடுதலை வதைக்குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. இப்போது இந்தியாவில் சூட்டுக்கோலின் இடத்துக்கு 12 இலக்க எண் கொண்ட காது வில்லை வந்திருக்கிறது. தடுப்பூசி, கருவூட்டல், காப்பீடு எல்லாம் அந்த எண்ணில் பதியப்படுகின்றன. வேலியிலோ புதரிலோ காது கிழிந்து வில்லை விழுந்துவிட்டால், செத்த மாடு காப்பீடு செய்த மாடுதான் என்று நிறுவுவது உடையவர் பாடு.