வெல்லும் படமும் வெல்லவேண்டிய படமும்

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுபவன் குதிரையின் பலத்தை அறிந்திருக்கவேண்டும். தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொல்பவன் தொகுதியின் நாடியை அறிந்திருக்கவேண்டும். ஆனால், திரைப்படப் பரிசுகளுக்கு ஆரூடம் கூற முன்வருவோருள் அநேகர் படத்தை மாத்திரமே பார்த்துவிட்டு வருகின்றனர். பரிசளிப்பவர் யாவர், அவர் எவ்வாறு வாக்களிக்கின்றனர், அவ்வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பவற்றை அவர்கள் விசாரிப்பதேயில்லை. முடிவு வேறாக அமைந்துவிட்டால், "அநியாயம்!" என்று கூச்சலிடுவதற்கு மட்டும் தவறுவதில்லை.

ஒஸ்கார் பரிசளிப்பு விழா ஹொலிவூட்டில் ஞாயிறு மாலை நடைபெறும்போது நமது நாட்டில் திங்கட்கிழமை விடியற்காலை. முதற் பாடம் தொடங்குமுன்னரே மாணவரிடையே இரு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. இந்த வாதங்களை நாம் வெறுப்பதில்லை. ஒரு கலைப்படைப்பைப் பற்றி இளைஞர் சூடாக வாதிடுவது நல்ல அறிகுறியே. ஆயினும், வாதிப்பதற்கும் ஒரு முறையுண்டு. அம்முறையைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடிய உறையின் கதை

முதலாவது ஒஸ்கார் விழா 1929ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி ஹொலிவூட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடைபெற்றது. வந்திருந்தோர் ஏறக்குறைய 270 பேர். பரிசுகள் வழங்கப் பதினைந்து நிமிடங்களே பிடித்தன. வென்றவர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தமையால், ஆவலோடு காத்திருக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

பின்னர், விழா இரவு பதினொரு மணிக்கு முன் அச்சிடலாகாது என்ற நிபந்தனையுடன் பெயர்களைப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் வந்தது. 1940இல் 'லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்' பத்திரிகை தனது மாலைப் பதிப்பிலேயே முடிவுகளைப் போட்டுவிட்டது. விழாவுக்கு வந்த நட்சத்திரங்கள் தம் வெற்றியையும் தோல்வியையும் வரும் வழியிலேயே வாசித்துக்கொண்டு வந்தனர்! அதன் விளைவாக, 1941 முதல் முத்திரையிட்ட உறை நடைமுறைக்கு வந்தது. மேடையில் உறை பிரிக்கப்படும் கணம் வரை முடிவு எவர்க்கும் தெரியாது; கணக்காளர் இருவர்க்கு மட்டுமே தெரியும். ஆரூடம் என்னும் பொழுதுபோக்கு அந்த உறையோடு பிறந்தது எனலாம்.

வாக்குரிமை உடையோர்

ஒஸ்காரைப் பொதுமக்கள் வழங்குவதில்லை; விமர்சகர்களும் வழங்குவதில்லை. படத்தொழிலில் ஈடுபட்டுள்ளவர்களே தம் சக தொழிலாளர்க்கு வழங்குகின்றனர். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் எனப் பல பிரிவினர் அகடமியின் உறுப்பினராவர். பொதுவாக அவ்வப் பிரிவினர் தத்தம் துறைக்கான பெயர்களைப் பிரேரிப்பர். இறுதி வாக்கெடுப்பிலோ எல்லோரும் எல்லாத் துறைகளுக்கும் வாக்களிக்கலாம். ஆகவே, சிறந்த படத்தொகுப்பு எது என்பதைத் தீர்மானிப்போருள் நடிகரும் உளர். ஒப்பனைக் கலைஞரும் உளர். போட்டியிடும் படங்கள் யாவற்றையும் பார்த்தவரே அத்துறைக்கு இறுதி வாக்களிக்கலாம் என்ற விதி 2025ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் நிலைமை எவ்வாறிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒஸ்காருக்கு முன்னதாகப் பல பரிசுகள் வழங்கப்படுகின்றன. இவற்றுள் எதை நம்புவது? வாக்காளர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். கோல்டன் குளோப் பரிசை நெடுங்காலமாக வழங்கிவந்தவர்கள் நூறுக்கும் குறைந்த தொகையினரான வெளிநாட்டுச் செய்தியாளர். அவர்களுக்கு ஒஸ்காரில் வாக்கில்லை. அமெரிக்க இயக்குநர் சங்கத்திலும் நடிகர் சங்கத்திலும் உள்ளோர் பலருக்கோ அகடமியிலும் வாக்குண்டு. இதனாலேதான், இயக்குநர் சங்கம் தேர்ந்தவர் ஒஸ்காரைப் பெறத் தவறிய சந்தர்ப்பங்கள் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரத்தில் பத்துக்கும் குறைவாகவே உள்ளன. அவற்றுள் ஒன்று விசித்திரமானது. 'த கலர் பேர்ப்பிள்' படத்துக்காகச் சங்கத்தின் பரிசைப் பெற்ற ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் பெயர், 1986ஆம் ஆண்டின் ஒஸ்கார் இயக்குநர் பட்டியலில் இடம்பெறவேயில்லை. பதினொரு துறைகளில் பிரேரிக்கப்பட்ட அப்படம் ஒரு பரிசுமின்றித் திரும்பியது.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம்

2010ஆம் ஆண்டு விழாவிலிருந்து சிறந்த படத்துக்கான வாக்குகள் தனி முறையில் எண்ணப்படுகின்றன. நமது நாட்டு வாசகர்க்கு இதனை விளக்குவது இலகு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு அளிக்கும் முறை நமக்குண்டு. 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டமை நினைவிருக்கும். ஒஸ்கார் முறை அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். நமது நாட்டில் முதலிருவர் தவிர்ந்த ஏனையோர் ஒரேயடியாக நீக்கப்படுவர். அங்கேயோ கடைசியில் நிற்கும் படம் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அவ்வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். ஏதேனும் ஒரு படம் பாதிக்கு மேல் பெறும்வரை இது தொடரும்.

ஓர் உதாரணம் கொள்வோம். நூறு வாக்காளர், மூன்று படங்கள். முதற்படத்துக்கு 40 வாக்கு, இரண்டாவதற்கு 35, மூன்றாவதற்கு 25. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. மூன்றாவது படம் நீக்கப்படுகிறது. அதன் 25 வாக்காளருள் 18 பேர் இரண்டாம் படத்தையும் 7 பேர் முதற்படத்தையும் அடுத்த விருப்பமாகக் குறித்திருந்தால், முடிவு 53க்கு 47. முன்னணியில் நின்ற படம் தோற்றுவிட்டது! இதன் கருத்து யாதெனில், சிலர் உயிராய் நேசிக்கப் பலர் வெறுக்கும் படத்தைவிட, யாவரும் ஓரளவேனும் விரும்பும் படத்துக்கே இம்முறை சாதகமானது. 2019இல் பத்துப் பிரேரணைகளுடன் முன்னணியில் நின்ற 'ரோமா'வைக் 'கிரீன் புக்' வென்றபோது பலர் திகைத்தனர். ஆனால், இதே முறையில் வாக்கெண்ணும் தயாரிப்பாளர் சங்கம் முன்னரே 'கிரீன் புக்'கைத் தேர்ந்திருந்தது. அறிகுறி கண்முன் இருந்தது. ஆசை அதனை மறைத்தது.

எந்த அறிகுறியும் தவறாதது என்று நாம் சொல்லவில்லை. மறு ஆண்டே, தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் '1917' என்ற படத்தைத் தேர்ந்திருக்க, கொரிய மொழிப் படமான 'பரசைற்' ஒஸ்காரை வென்றது. ஆங்கிலமல்லாத மொழிப்படம் ஒன்று சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. நடிகர் சங்கம் மாத்திரம் தன் முதன்மைப் பரிசை அப்படத்தின் நடிகர் குழுவினர்க்கு வழங்கியிருந்தது. அகடமியில் மிகப் பெரிய பிரிவு நடிகர் பிரிவே என்பதை அறிந்தோர் அதனை அலட்சியம் செய்திருக்கமாட்டார்கள்.

நம்மவர் வென்ற வேளைகள்

2009இல் ஏ. ஆர். ரஹ்மான் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்காக இரு ஒஸ்கார்களைப் பெற்று, அம்மேடையிலே தமிழிலும் பேசினார். அதே படத்தின் மற்றொரு பாடலுக்காக அவரோடு பிரேரிக்கப்பட்டிருந்தவர் ஈழத்துப் பெற்றோரின் புதல்வியான மாயா அருள்பிரகாசம். தமிழ் வீடுகளில் அன்று எழுந்த ஆரவாரம் நியாயமானதே. ஆயினும் ஒரு வினாவுண்டு. ரஹ்மானின் இசை 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோதே தமிழர் செவிகளை நிறைத்துவிட்டது. ஒஸ்காரின் பின்னர்தானா அவர் பெரிய இசையமைப்பாளர் ஆனார்? வாக்காளரின் மேசைக்கு வந்த படைப்பையே பரிசு அளக்கும். மேசைக்கு வராதது மட்டமானது என்பது அதன் பொருளன்று.

பிரான்சிலே நடைபெறும் கான் விழாவின் கதை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான வாக்காளர் இல்லை. ஒரு சிறு நடுவர் குழு கூடித் தீர்ப்பளிக்கும். 2015இல் கோயன் சகோதரர் தலைமையில் ஒன்பது பேர் கூடி, ஜாக் ஓடியாரின் 'தீபன்' படத்துக்குத் தங்கப்பனை விருதை அளித்தனர். இலங்கையிலிருந்து பிரான்சுக்கு அகதியாகச் சென்ற தமிழரின் கதை அது. உரையாடலின் பெரும்பகுதி தமிழ். முக்கிய பாத்திரத்தை ஏற்றவர் 'ஷோபாசக்தி' என்ற பெயரில் நாமறிந்த எழுத்தாளர். விமர்சகர் பலர் வேறு படங்களையே எதிர்பார்த்திருந்தமையால் தீர்ப்பு வியப்பை விளைவித்தது. ஒன்பது பேரின் மனத்தை எந்தச் சங்கத்தின் முன்னறிகுறி கொண்டு அளப்பது? அத்தகைய தீர்ப்புக்கு ஆரூடம் கூறுவது மழைக்கு நாள் குறிப்பது போலாகும்.

ஏமாற்றத்தைத் தாங்கும் விதம்

ஆரூடம் பொய்த்தபின் மனிதர் நடந்துகொள்ளும் விதமே நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. 2017இல் தவறான உறை மேடைக்குக் கொடுக்கப்பட்டமையால், 'லா லா லாண்ட்' வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்படத்தார் மேடையில் நன்றியுரை நிகழ்த்திக்கொண்டிருக்கையில் பிழை வெளியாயிற்று. உண்மையில் வென்றது 'மூன்லைற்'. 'லா லா லாண்ட்' தயாரிப்பாளருள் ஒருவரான ஜோர்டன் ஹொரோவிற்ஸ் தாமே ஒலிவாங்கியின் முன் நின்று அதனை அறிவித்து, வென்றவர்களை மேடைக்கு அழைத்தார். கையில் வந்த பரிசைக் கலங்காமல் உரியவரிடம் கொடுப்பதற்கு வெல்வதைவிடப் பெரிய மனம் வேண்டும்.

2006இல் 'புரோக்பாக் மவுண்டன்' வெல்லும் என்று உலகமே சொல்லிற்று, வென்றதோ 'கிராஷ்'. தோற்ற படத்தின் ரசிகர்கள் என்ன செய்தனர் தெரியுமா? தமக்குள் பணம் திரட்டி, ஹொலிவூட்டின் தொழிற் பத்திரிகையான 'வெரைற்றி'யில் முழுப்பக்க விளம்பரம் செய்து, அப்படத்தை ஆக்கியவர்களுக்கு நன்றி கூறினர். வென்றவரைத் தூற்றுவதில் செலவாகியிருக்கக்கூடிய சக்தி, தாம் நேசித்ததைப் போற்றுவதில் செலவாயிற்று.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2020இல் 43 வயதில் காலமான சாட்விக் போஸ்மனுக்கே சிறந்த நடிகர் பரிசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு 2021இல் மிகுந்திருந்தது. வழக்கமாக இறுதியில் வரும் சிறந்த படத்துக்கான பரிசை முன்னே தள்ளிவிட்டு, நடிகர் பரிசைக் கடைசியில் வைத்தனர் விழாவை அமைத்தவர்கள். உறை பிரிந்தபோது அதிலிருந்த பெயர் அன்ரனி ஹொப்கின்ஸ்! இரு வாரங்களுக்கு முன்னர்தான் பிரித்தானியாவின் பாஃப்ரா பரிசை அவர் பெற்றிருந்தார் என்பதை ஏனோ பலர் மறந்துவிட்டனர். 83 வயதான அம்முதியவர் விழாவுக்கு வரவுமில்லை. பின்னர் வேல்ஸ் நாட்டிலிருந்து விடுத்த செய்தியில், மறைந்த போஸ்மனை நினைவுகூர்ந்து அவர் அஞ்சலி செலுத்தினார். ஆரூடத்தைத் தீர்ப்பென்றே நம்பிவிட்டால், நேர்மையாக வென்றவனும் பிறர் பொருளைப் பறித்தவன் போல் நிற்க நேரிடுகிறது. அது அவனுக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

காலத்தின் வாக்கு

உறைக்குள் அடங்காத வாக்கு ஒன்றுண்டு. அது காலத்தின் வாக்கு. 1942இல் ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' ஒன்பது துறைகளில் பிரேரிக்கப்பட்டு, திரைக்கதைக்கான பரிசு ஒன்றையே பெற்றது. சிறந்த படமாகத் தெரிவானது 'ஹவ் கிரீன் வாஸ் மை வலி'. ஆனால், பிரித்தானியச் சஞ்சிகையான 'சைற் அன்ட் சவுண்ட்' பத்தாண்டுக்கு ஒரு தடவை விமர்சகரிடையே நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ஐந்து தடவை முதலிடம் பெற்றது 'சிற்றிசன் கேன்'. 2012இல் அதனை வீழ்த்தியது அல்பிரட் ஹிச்கொக்கின் 'வேர்ட்டிகோ'. 1958இல் வெளியான அப்படம் சிறந்த படத்துக்கு ஒஸ்காரில் பிரேரிக்கப்படவுமில்லை! ஹிச்கொக்கோ ஐந்து தடவை பிரேரிக்கப்பட்டும் சிறந்த இயக்குநர் பரிசை ஒருபோதும் பெற்றாரில்லை. பரிசு பெற்ற படத்தை மாத்திரம் பார்ப்பேன் என்று விரதம் பூணும் மாணவன் எவற்றையெல்லாம் இழப்பான் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆதலின், பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஓர் யோசனை கூற விரும்புகிறோம். அடுத்த விழாவுக்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு கடதாசியில் இரு நிரல்கள் வரையட்டும். ஒன்றின் தலைப்பு 'வெல்லும் படம்'. மற்றையதன் தலைப்பு 'வெல்லவேண்டிய படம்'. முதல் நிரலை நிரப்பும்போது ஆசையை ஒதுக்கி, வாக்காளரையும் எண்ணும் முறையையும் முன்னறிகுறிகளையும் மாத்திரம் கருதவேண்டும். இரண்டாவதை நிரப்பும்போது எவருடைய வாக்கையும் கருதாது, தாம் பார்த்த படத்தையும் அது தம் நெஞ்சில் செய்த வேலையையும் மாத்திரம் எண்ணவேண்டும். ஏன் என்பதற்குக் காரணமும் இரண்டு வரியில் எழுதவேண்டும்.

முடிவு வெளியானதும் முதல் நிரலைத் திருத்திப் புள்ளி போடலாம். தவறியவர் வென்றவர்க்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுக்கலாம். இரண்டாம் நிரலில் மட்டும் எவரும் கைவைக்கலாகாது. பத்தாண்டு கழித்து அதனை எடுத்துப் பார்க்கும்போது, அன்று எழுதிய காரணம் இன்னும் நிற்கிறதா என்று எழுதியவரே தீர்மானிக்கட்டும்.