உத்திரமேரூர் வாரியத் தேர்வும் வேட்பாளர் தகுதிகளும்

உத்திரமேரூர் வாரியத் தேர்வு என்பது சோழர் காலத்தில் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்னும் ஊரின் நிருவாகக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்த முறையாகும். இது குடவோலை முறை எனப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் இதற்கான விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகளும், ஓலையை எடுப்பது எப்படி என்பதை விட, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்கே மிகுந்த இடம் தருகின்றன.

விதிகள் திருத்தப்பட்டது

முதல் ஏற்பாடு செய்து 2 ஆண்டுகளிலேயே அரசனின் அதிகாரி முன்னிலையில் ஊர்ச்சபை மீண்டும் கூடி விதிகளைத் திருத்தியது. தீயோர் கெட்டு நல்லோர் ஓங்க வேண்டும் என்பது திருத்தத்தின் நோக்கமாகக் கூறப்படுகிறது. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. தகுதியின்மைப் பட்டியலும் விரிவாக்கப்பட்டது.

தகுதிகள்

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் பெயர் எழுதப்படுபவருக்குப் பின்வரும் தகுதிகள் தேவைப்பட்டன.

- கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம். ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி போதும்.
- சொந்த மனையில் கட்டிய வீடு.
- வேதக் கல்வியும் காரியங்களை நடத்தும் திறமையும்.
- நேர்வழியில் ஈட்டிய பொருளும் தூய மனமும்.
- கடந்த 3 ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகிக்காமை.

தகுதியின்மைகள்

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் முதலில் விலக்கப்பட்டார். அவரோடு அவருடைய தந்தை, உடன்பிறந்தார், மக்கள், மாமன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர், அத்தை மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் ஆகியோரும் விலக்கப்பட்டனர். பதவியில் தவறியவர் தன் உறவினரை நிறுத்தி, பின்னிருந்து ஆள்வதை இவ்விதி தடுத்தது. பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய் ஆவணம் எழுதியவர் ஆகியோருக்கும் இடமில்லை. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்றவரும் வாழ்நாள் முழுவதும் தகுதி இழந்தவராகவே கருதப்பட்டனர்.

தேர்வு நடைமுறை

சிறியோர் முதல் முதியோர் வரை சபையார் அனைவரும் கூடியிருக்க, ஓலைகள் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கப்பட்டபின் அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பார். அங்குள்ள நம்பிமாரும் அதனைப் படித்தபின் பெயர் ஏற்கப்படும். கையில் வேறு ஓலையை மறைத்து மாற்றுவதற்கு இதில் வழியில்லை.

இவ்வாறு தெரிவான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கலாம். பதவிக்காலம் முடிந்ததும் ஊரின் 12 சேரிகளிலும் நியாயம் பார்க்கும் வாரியத்தார் அடுத்த தேர்வுக்குச் சபையைக் கூட்ட வேண்டும். கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே ஒப்புவித்துத் தூயவர் எனப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம்.

வரம்புகள்

இதனை இன்றைய பொருளில் மக்களாட்சி எனக் கூறுவது பொருந்தாது. இது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். நிலமற்றோர், பிற சாதியினர், பெண்கள் ஆகியோர் பெயர் ஓலைக்கு வரவில்லை. இறுதித் தெரிவும் வாக்கெடுப்பன்று, குலுக்கலே.

இன்றைய சட்டப் பதவிகளுடன் ஒப்பீடு

இந்தியாவில் மாநிலத்தின் தலைமைச் சட்டப் பதவிகளுக்குத் தேர்தல் இல்லை. அரசியலமைப்பின் 165ஆம் பிரிவின்படி, உயர்நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி உடையவரை ஆளுநர் தலைமை வழக்கறிஞராக நியமிக்கிறார். காவல்துறைத் தலைமை இயக்குநரைப் பொறுத்தவரை, மத்திய பணியாளர் தேர்வாணையம் தரும் மூவர் பட்டியலில் இருந்து ஒருவரை மாநில அரசு தெரிவு செய்ய வேண்டும் என்றும், அவருக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்றும் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது.

அமெரிக்காவில் 43 மாநிலங்களில் தலைமைச் சட்ட அதிகாரியை வாக்காளரே தேர்ந்தெடுக்கின்றனர். சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ், 2010 நவம்பரில் கலிபோர்னியாவில் இப்பதவிக்குப் போட்டியிட்டார். ஸ்டீவ் கூலியை 1 விழுக்காட்டுக்கும் குறைந்த வேறுபாட்டில் அவர் வென்றது, வாக்கு எண்ணிக்கை பல நாள் நீடித்த பின்னரே உறுதியானது. அங்கு வேட்பாளருக்குரிய சிறப்புத் தகுதி, தேர்தலுக்கு முந்தைய 5 ஆண்டுகள் வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருத்தல் ஆகும்.

கலிபோர்னியாவில் வேட்பாளரின் நேர்மையை எடைபோடும் பொறுப்பு வாக்காளரிடம் விடப்படுகிறது. இந்தியாவில் அது நியமிக்கும் அரசிடமும் தேர்வாணையத்திடமும் உள்ளது. உத்திரமேரூர்ச் சபையோ, பெயர் குடத்துக்குள் செல்லும் முன்பே அந்தச் சோதனையை முடித்துவிட முயன்றது.