கணக்கா, விலங்கியலா?

"கணக்கே இனிமே வேண்டாம்மா!" பி.எஸ்ஸி. வேதியியலில் இடம் கிடைத்த அன்றே என் மகள் கைகூப்பி விட்டாள். முதல் வருடத் துணைப்பாடமாகக் கணக்கு அல்லது விலங்கியல், இரண்டில் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் இந்த வழக்கம் உண்டு.

"சரி, உன் இஷ்டம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அங்கிருந்த பேராசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "தோசை மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கிறது இல்லையா? எவ்வளவு வேகத்தில் என்று கண்டுபிடிக்க நுண்கணிதம் வேண்டும். அது இல்லாமல் பிஸிகல் கெமிஸ்ட்ரியில் நகர முடியாதும்மா" என்றார். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் 'ஜாம்' தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்திலும் அடிப்படைக் கணிதம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் தேடி எடுத்தோம். அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் மூன்றிலும் ஐந்தைந்து கணக்கு, விடையைப் பார்க்காமல். 15-க்கு 6 தான் சரி. கண் கலங்கி விட்டாள். தினம் ஒரு மணி நேரம் என்று ஒரு வாரம் உட்கார்ந்தாள், 11 வந்தது. "புரியாம இல்லேம்மா, பயம்தான்" என்று சொல்லி, அவளாகவே கணக்கு என்று எழுதிக் கொடுத்தாள்.

உயிர்வேதியியல் பக்கம் போக விரும்பும் பெண்ணுக்கு விலங்கியலும் கைகொடுக்கும். ஆகவே சகோதரிகளே, மேலே என்ன படிக்க ஆசை என்று முதலில் கேளுங்கள். இரண்டு பாடத்திட்டத்தையும் வாங்கிப் பாருங்கள். பழைய புத்தகத்தில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முடிவை அவளிடமே விட்டுவிடுங்கள். பயம் மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.