தளராத துப்பாளர்: மென்மர்மக் கதைகளில் இடுக்கணழியாமை

ஆங்கிலத்தில் 'கோசி' எனப்படும் கதைவகை ஒன்றுண்டு. குளிர்நாளில் கம்பளிக்குள் கிடைக்கும் கதகதப்பைக் குறிக்கும் சொல் அது; கோலாலம்பூரின் நண்பகலில் அதனைப் பாராட்டாகக் கொள்வது கடினம். ஆகவே இங்கு அதனை 'மென்மர்மக் கதை' என வழங்குவோம். இக்கதைகளில் கொலை நிகழும், குருதி காட்டப்படாது. களம் பெரும்பாலும் ஒரு சிற்றூர் அல்லது ஒரு வட்டாரம். குற்றவாளியைக் கண்டறிபவர் சமையற்காரராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ கடைக்காரராகவோ இருப்பார். பதவியும் ஆயுதமும் இல்லாமல், ஊரார் நகைப்பையும் தாங்கிக்கொண்டு இவர் எவ்வாறு தளராதிருக்கிறார் என்பதே நாம் ஆராயவிருக்கும் வினா.

'ரெசிலியன்ஸ்' என்னும் சொல்லை இன்று 'மீள்திறன்' என மொழிபெயர்க்கிறோம். திருக்குறளின் 63ஆம் அதிகாரம் நமக்கு அதனினும் செறிவான பெயரை முன்பே தந்துள்ளது: இடுக்கணழியாமை. வள்ளுவர் இதனைப் பொருட்பாலில், அரசியலின் இறுதி அதிகாரமாக வைத்தார். ஆள்வோனுக்கு வேண்டிய பண்பாக அங்கே நின்றதை மென்மர்மக் கதை ஒரு வங்கி எழுத்தரிடமும் ஒரு மூதாட்டியிடமும் கொண்டுவந்து சேர்க்கிறது.

வங்கி எழுத்தர் என்றவுடன் தமிழ் வாசகருக்கு நினைவில் வருபவர் சாம்பு. தேவன் என்னும் ஆர். மகாதேவன் (1913–1957) ஆனந்த விகடனில் 1942 முதல் எழுதிய 'துப்பறியும் சாம்பு' கதைகளின் நாயகர் இவர். நடுவயதினர், நீண்ட மூக்கினர், பலராலும் மண்டு என எண்ணப்பட்டவர். மனைவி வேம்புவும் இன்ஸ்பெக்டர் கோபாலனும் அருகிருக்க, அவர் செய்யும் பிழைகளே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கின்றன. தருக்க அறிவே இல்லாத இவரைத் துப்பறிவாளர் என்பது தகுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. ஆயினும் சாம்புவிடம் ஒன்று உண்டு: நேற்று நேர்ந்த நகைப்பைச் சுமந்துகொண்டு அவர் இன்றைய வழக்கிற்குள் நுழைவதில்லை. இடுக்கணைக் கண்டு நகுக என்கிறது குறள். இங்கே நகுபவர் வாசகர், அழியாதிருப்பவர் சாம்பு. எனினும், நற்பேறு எப்போதும் துணைநிற்கும் ஒருவரிடம் தளராமை முழுமையாகச் சோதிக்கப்படுவதில்லை என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அச்சோதனையை அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளிடம் காணலாம். 1927இல் சிறுகதையிலும் 1930இல் நாவலிலும் அறிமுகமான இம்மூதாட்டியைப் பலரும் பின்னற்கம்பியும் வம்புப்பேச்சுமாகவே நினைவில் வைத்துள்ளனர். 1962இல் வெளிவந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' நாவலில் அவர் நிலை வேறு. பின்னும்போது கண்ணிகள் நழுவுகின்றன. குனிந்து தோட்டவேலை செய்ய மருத்துவர் தடை விதித்துள்ளார். உடனிருந்து கவனித்துக்கொள்ளும் பெண் அவரைக் குழந்தையாகவே நடத்துகிறார். ஊரும் மாறிவிட்டது, பசுக்கள் மேய்ந்த நிலத்தில் புதிய குடியிருப்பு எழுந்துள்ளது. ஒருநாள் அப்பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, மார்ப்பிள் தனியே அக்குடியிருப்புக்குள் நடந்து செல்கிறார். வீடுகள் புதியன. மனிதரோ அவர் முன்பே கண்டறிந்த மனிதரைப் போன்றவர்களே. தடுக்கி விழுகிறார், தூக்கிவிடும் பெண்ணின் இயல்பை அந்தச் சிறு பொழுதிலேயே அறிந்துகொள்கிறார். பின்னர் அப்பெண் கொலையுண்டபோது வழக்கைத் தெளிவிப்பதற்கு அந்த அறிவு துணையாகிறது. விழுந்த இடத்திலும் கவனிப்பதை விடாமையே மார்ப்பிளின் தளராமை என்போம்.

நம் வட்டாரத்துக்கு அருகே வந்தால், சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் 'தி ஃப்ராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி' (2017) நினைக்கத்தக்கது. 1930களின் சிங்கப்பூர் அதன் களம். தாய்தந்தையை இழந்து, இளம்பிள்ளைவாதத்தால் கால் தாங்கி நடக்கும் சூ லின் என்னும் இளம்பெண்ணை அபசகுனம் என்பார் உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவளை ஒருவரும் உற்று நோக்குவதில்லை. அதனால் அவள் எல்லாரையும் உற்று நோக்க முடிகிறது. கோலாலம்பூரையே களமாகக் கொண்ட ஷாமினி ஃப்ளின்டின் முதல் இன்ஸ்பெக்டர் சிங் நாவல் (2009) இவ்வகைக்குச் சற்று அப்பாற்பட்டது. மேலதிகாரிகளுக்கு வேண்டாதவராயினும் சிங் காவல்துறை அதிகாரி.

இவ்வகைக் கதையைத் தமிழில் பிரிக்பீல்ட்ஸைக் களமாக்கி எழுத முனையும் மாணவர் எதனைக் கருதவேண்டும்? செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற இவ்வட்டாரம் பின்னர் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. இரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010இல் ஜாலான் துன் சம்பந்தன் பகுதி லிட்டில் இந்தியா என அறிவிக்கப்பட்டது. பழைய குடியிருப்புகள் பல இன்றில்லை. எவர் வீட்டில் எப்போது விளக்கணையும் என்று அறிந்திருந்த அண்டை அயலாரும் வெவ்வேறு அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். மென்மர்மக் கதைக்கு இது உண்மையான இடர். அமெச்சூர் துப்பாளருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. அக்கம்பக்கத்தின் நினைவே அவருக்குக் கைவிளக்கு. அண்டை வீட்டார் பெயரும் அறியாத மாடியில் அவர் யாரிடம் வினவுவார்?

மார்ப்பிள் புதிய குடியிருப்புக்குள் நடந்து சென்றது இங்கே பயன்படும். பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும், பழைய நினைவைக் காத்துவரும் இடங்கள் இன்னும் உள்ளன: பூக்கடை, தையற்கடை, கோயில் வாசல், காலைப் பசியாறும் உணவகம். இடம்பெயர்ந்தவரும் தீபாவளிக்குத் துணி எடுக்க அங்கே திரும்பி வருகின்றனர். ஆகவே துப்பாளரைக் காவல்நிலையத்தில் தேடாமல் இவ்விடங்களில் தேடுமாறு மாணவருக்குக் கூறுவோம். பூக்கட்டும் அம்மையார் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வாரந்தோறும் ஒரு மாலை வாங்குபவர் இவ்வாரம் இரண்டு கேட்டார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் முதலில் ஐயுறுபவர் குற்றமற்றவராக இருக்கட்டும். அந்த வீட்டார் அவர்மீது சினம் கொள்ளட்டும். இரண்டு நாள் கடைக்கு ஒருவரும் வராதிருக்கட்டும். மூன்றாம் நாள் காலையிலும் அவர் அரும்பைக் கையிலெடுத்து நார் தொடுக்க வேண்டும்; கூசாமல் அந்த வீட்டாரிடம் சென்று பிழையைச் சொல்லிவிட்டு, விட்டுப்போன கேள்வியைக் கேட்கவும் வேண்டும். அந்த மூன்றாம் நாள் காலையைத்தான் மாணவர் பெரும்பாலும் எழுதாமல் தாண்டிவிடுகின்றனர்; ஆசிரியர் அப்பக்கத்தையே முதலில் கேட்டு வாங்கலாம்.