நூற்றைத் தாண்டியும் மங்காத நினைவு

நெதர்லாந்தில் 1890ல் பிறந்த ஹென்ட்ரிக்கியே வான் ஆண்டல்-ஷிப்பர், தமது 82ஆம் வயதில் உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்தார். 111 வயதானபோது, இவ்வளவு முதிர்ந்த உடல் இனியும் பயன்படுமா என்ற கவலையில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தை அவரே தொடர்புகொண்டார். ஆய்வாளர்கள் வந்து 112, 113 வயதுகளில் அவரது நினைவாற்றலைச் சோதித்தார்கள். 60 முதல் 75 வயதுக்காரர்களின் சராசரியைவிட நன்றாகவே செய்தார். 2005ல், 115 வயதில் இறந்தார். அவரது மூளையில் அல்சைமர் நோயின் தடயம் ஏறக்குறைய இல்லை. வயதானால் மறதிநோய் வந்தே தீரும் என்ற எண்ணத்தை அந்த ஒரு மூளையே மறுக்கிறது.

என்னை அதிகம் வியக்கவைப்பவர் இன்னொருவர். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986ல் தொடங்கிய கன்னியாஸ்திரிகள் ஆய்வில் 678 பேர் பங்கேற்றார்கள். இறந்தபின் மூளையைத் தரவும் சம்மதித்தார்கள். அவர்களுள் சகோதரி மேரி 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார். சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். ஆனால் அவரது மூளையில் அல்சைமரின் அடையாளங்களான அமைலாய்டு படிவுகளும் டௌ முடிச்சுகளும் ஏராளம். நோய் உள்ளே இருந்தது, வாழ்க்கையில் தெரியவில்லை.

ஆக, நோயே அண்டாதவர்கள் உண்டு. நோய் வந்தும் தாங்கிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு மூளையில் ஏதோ சேமிப்பு இருக்கிறது என்கிறார்கள் அறிவியலாளர்கள். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் வேலையை முடிக்கும் திறன் அது. படிப்பு அதை வளர்க்கிறது. ஆனால் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளிடம் செய்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழி பேசுவோருக்கு மறதிநோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது.

இந்தச் சேமிப்புக்குக் குறுக்கெழுத்துப் போட்டால் போதும் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். கன்னியாஸ்திரிகள் ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி, சேமிப்பு எப்படிக் கரைகிறது என்பது. மூளையில் அல்சைமர் முற்றியிருந்தும் ரத்தக்குழாய் அடைப்பு ஏதும் இல்லாதவர்களில் 57 சதவீதம் பேருக்கே மறதிநோய் வெளிப்பட்டது. மூளையின் ஆழத்தில் சின்னஞ்சிறு அடைப்புகள் இருந்தவர்களிடம் அது 93 சதவீதம். அந்த அடைப்புகளுக்கு முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம். நாற்பது வயதிலேயே அளந்து பார்த்து, மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று.