ஆடி வானில் ஒரு கருந்துளை

கருந்துளை என்றதும் அண்டங்களை விழுங்கும் பூதமொன்றைச் சிறுவர் மனத்தில் எழுப்பிவிடுவது எளிது. ஆயினும் யாழ்ப்பாணத் தீவகத்து மண்கும்பானில் வளரும் பிள்ளைக்கு அதனை அறிமுகஞ்செய்ய விரும்பும் ஆசிரியர், அவ்வாறு அச்சுறுத்துவதை விடுத்து, ஆடி அமாவாசையை ஒட்டிய இரவொன்றில் ஒன்பது மணியளவில் வெளிச்சமில்லா மணல்வெளிக்கு அழைத்துச் சென்று தென்திசையைக் காட்டுவதே உத்தமம். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்டையும் மூலமும் பூராடமும் பெயரளவிலாவது பழக்கமானவை. விருச்சிகத்தின் வாலிலுள்ள மூலத்துக்கும் தனுசிலுள்ள பூராடத்துக்கும் இடையே, சற்று வடக்காக, பால்வீதி அகன்று வெளுத்துக் கிடக்கும் பகுதியில், ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட சூரியர்களின் திணிவைத் தன்னுள் ஒடுக்கிய 'தனுசு ஏ-ஸ்டார்' இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அடிவானுக்கு மேல் 13 பாகையே எழும் அவ்விடம், எங்கள் தீவகத்தில் 51 பாகை உயர்கிறது. இவ்வகையில் நம் பிள்ளைகள் பாக்கியசாலிகள்.

கண்ணுக்குத் தெரியாததை உண்டென்று எப்படிச் சொல்லலாம் என்று பிள்ளை கேட்கும், கேட்கவும் வேண்டும். இருளில் கட்டை தெரியாவிடினும், அதிற் கட்டிய ஆடு சுற்றும் சுற்றைக்கொண்டு கட்டை நிற்குமிடத்தை அறிகிறோமல்லவா? மியூனிக்கை அடுத்த ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கென்சல் சிலி நாட்டுத் தொலைநோக்கிகளாலும், அமெரிக்கரான அந்திரியா கெஸ் ஹவாய்த் தீவின் தொலைநோக்கிகளாலும், இடையிலுள்ள தூசுப்படலத்தை ஊடுருவிவரும் செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக நோக்கியதில், எஸ்2 என்னும் நட்சத்திரம் வெறுமையாகத் தோன்றும் ஓரிடத்தை 16 ஆண்டுக்கொருமுறை நீள்வட்டமாகச் சுற்றுவதும், 2018 மே மாதத்தில் அதனை மிக நெருங்கியபோது செக்கனுக்கு 7,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பாய்ந்ததும் தெரியவந்தன. தருக்க நூலார் கூறும் அனுமானப் பிரமாணத்துக்கு இதனினும் சிறந்த உதாரணத்தை யான் அறியேன். அவ்விருவரும் ரொஜர் பென்றோசுடன் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கருந்துளையின் படமோ 2022 மே 12இல்தான் வெளியாயிற்று.

அது நம்மையும் விழுங்கிவிடுமோ என்பது அடுத்த வினா. சூரியன் இருக்குமிடத்தில் அதே திணிவுள்ள கருந்துளையொன்று வந்தமர்ந்தாலும், பூமி இருளிலும் குளிரிலும் அமிழுமேயன்றித் தன் பாதையை விட்டு அகலாது என்று விடை சொன்னாற் போதும்.

நட்சத்திரம் கருந்துளையாவது எவ்வாறு என்று கேட்டால், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலேயே, மடிந்த நட்சத்திரம் ஒடுங்காமல் நிலைத்திருப்பதற்குத் திணிவில் ஓர் எல்லையுண்டு என்று கணித்த இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் பெயரைத் தாங்கி 1999இல் விண்ணேறிய 'சந்திரா' தொலைநோக்கிதான், தனுசு ஏ-ஸ்டாரின் அருகே எழும் எக்ஸ்-கதிர்ச் சுவாலைகளை 2000ஆம் ஆண்டு முதல் பதிவுசெய்து வருகிறது.