புறா ஜோடியை வளர்த்துப் பழக்கும் முறை

குழந்தைகளின் விருப்பத்திற்காகச் சந்தையில் ஒரு ஜோடிப் புறா வாங்கி வருவதும், ஒரு வாரம் அடைத்து வைத்துத் திறந்தவுடன் அவை பறந்துபோய்விடுவதும் நமது கிராமங்களில் அடிக்கடி நிகழ்கின்றன. புறாவுக்கு நன்றியில்லை என்று அதன்மேல் பழி கூறுவாருமுண்டு. உண்மை அதுவன்று. தான் வளர்ந்த கூட்டை நாடித் திரும்புதல் அப்பட்சியின் இயல்பு. அவ்வியல்பை நம்பியே ஒரிஸ்ஸா போலீஸார் 1946-ஆம் ஆண்டில் தூதுப்புறாப் படையொன்றை ஏற்படுத்தினர். ஆகையால் நமது வீட்டையே தன் வீடாகப் புறா கருதும்படி செய்தலே இவ்வளர்ப்பில் முக்கியமானது.

தேர்ந்தெடுத்தல்.— கிளி, மைனா முதலிய காட்டுப் பட்சிகளைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. வீட்டிற் பிறந்த புறாக்களையே வாங்க வேண்டும். முதிர்ந்தவற்றைவிட, தாமாக இரை பொறுக்கத் தொடங்கிய ஐந்து அல்லது ஆறு வாரக் குஞ்சுகளே மேலானவை. அவை பழைய கூட்டை எளிதில் மறக்கும். வளர்ந்தபின் ஆண் கழுத்தை உப்பிக் குமுறிச் சுற்றிவரும். ஒரு கூட்டில் நான்கு முட்டைகள் காணப்பட்டால் இரண்டும் பெட்டையென்று கொள்ளலாம்.

கூடு.— ஆறு அல்லது ஏழு அடி உயரமுள்ள கம்பத்தின்மேல் கூட்டை அமைக்கலாம். கம்பத்தின் நடுவில் தகரத்தைக் குடைபோல் கவிழ்த்துப் பொருத்தினால் எலியும் பூனையும் ஏறமாட்டா. சாரல் அடிக்காத பக்கம் வாயில் இருத்தல் வேண்டும். முதற்குஞ்சுகள் கூட்டைவிட்டு நீங்குமுன்பே பெட்டை மறுபடியும் முட்டையிடுமாதலால், ஒரு ஜோடிக்கு ஓரடிச் சதுரமுள்ள அறைகள் இரண்டு அவசியம். ஒவ்வொன்றிலும் ஆழமில்லாத மண் சட்டி வைத்து, வைக்கோல் துண்டுகளைப் பக்கத்தில் போட்டுவைக்கவும். வாயிலுக்கு முன்னே கம்பி வலையால் ஒரு சிறு முற்றம் அமைத்தல் வேண்டும்.

தீனி.— ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை தானியம் போதும். கம்பும் சோளமும் மூன்று பங்கு, பயறு வகை ஒரு பங்கு கலந்து காலை மாலை இருவேளையும் கொடுக்கவும். கிளிஞ்சல் தூள், செங்கற்பொடி, சிறிது உப்பு ஆகியவற்றைத் தனியே வைக்கவும். புறா அலகை அமிழ்த்தி நீரை உறிஞ்சுமாதலால் நீர்க்கலம் சற்று ஆழமாக இருத்தல் வேண்டும்.

பழக்குதல்.— முதல் மூன்று நான்கு வாரம் வலை முற்றத்திலேயே அடைத்து வைக்கவும். அங்கிருந்து வீட்டுக் கூரை, மரம், தெரு யாவற்றையும் அவை கண்டு பழகும். தீனியிடும்போதெல்லாம் ஒரே மாதிரியாகத் தகர டப்பாவைக் குலுக்குக. ஒருவரே நாள்தோறும் அசையாமல் அமர்ந்து, உள்ளங்கையில் உடைத்த நிலக்கடலையை வைத்து நீட்டினால் அச்சம் படிப்படியாக நீங்கும். துரத்திப் பிடிப்பது அதுவரை பெற்ற பழக்கத்தைக் கெடுத்துவிடும். முதன்முறை திறப்பதற்கு, மழையும் காற்றும் இல்லாத நாளில் பொழுது சாய்வதற்கு ஒரு மணி முன்னதாக, தீனி கொடாமல், ஒன்றை மட்டும் வெளியே விடவும். உள்ளிருக்கும் துணையும் பசியும் அதனைத் திரும்ப அழைக்கும். சில நாள் சென்றபின் இரண்டையும் விடலாம். முதிர்ந்த ஜோடியாயின் ஓர் ஈற்றுக் குஞ்சு வளர்த்தெடுக்கும்வரை விடலாகாது.

இனவிருத்தி.— ஒரு நாள் இடைவிட்டு இரண்டு முட்டைகள் இடப்படும். பகலின் நடுப்பகுதியில் ஆணும் மற்றை வேளையில் பெட்டையுமாக 17 அல்லது 18 நாள் அடைகாக்கும். இரண்டும் தத்தம் தீனிப்பையில் ஊறும் பால் போன்ற பொருளைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். அந்நாட்களில் கூட்டைக் கலைத்தலாகாது.

எச்சரிக்கை.— உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். ஆகவே கூட்டைக் கிணற்றருகிலோ படுக்கையறைப் பக்கத்திலோ வைக்காமல், நீர் தெளித்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு சுத்தம் செய்க. வாரிய எச்சத்தை மக்கவைத்தால் காய்கறிப் பாத்திகளுக்கு நல்ல எருவாகும். ராணிக்கெட் நோய் புறாவையும் தாக்குமாதலால் கோழிகளுடன் சேர்த்து வளர்க்க வேண்டாம். கழுத்துத் திருகல் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. பயறு விதைப்புக் காலத்தில் அடைத்து வைத்துத் தீனியிட்டால், அயலார் வயலில் விதை பொறுக்கியதாகக் கிராம அதிகாரிகளிடம் வழக்கு வாராது.